ஓர் இரவுக்கான காகிதம்

(நாடக நோட்டீஸ்களும் தென்னார்க்காட்டு மேடையும் என்ற பொருளில் திருப்பாதிரிப்புலியூரில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



1909ஆம் ஆண்டு பாரிஸ் நகரச் சுவர்களில் ஒரு சுவரொட்டி ஏறியது. நீலம் கலந்த சாம்பல் நிறத்தாள். அதில் கரியாலும் வெண்சுண்ணத்தாலும் வரைந்தாற்போல, கால்விரல் நுனியில் நிற்கும் ஒரு நடனப் பெண். வேறு சித்திரம் ஏதுமில்லை. வரைந்தவர் வலந்தீன் செரோவ் என்ற ரஷ்ய ஓவியர். அந்தப் பெண் அன்னா பாவ்லவா. செர்கேய் தியாகிலெவ் என்பவர் ரஷ்யாவிலிருந்து பாடகர்களையும் நடனக்காரர்களையும் திரட்டிக் கொண்டுபோய் சாத்லே அரங்கில் நடத்திய ஆபெரா, பாலே பருவத்துக்கான விளம்பரம் அது. முந்தைய ஆண்டில்தான் ஷாலியாபின் என்ற மாபெரும் பாடகரை அவர் பாரிஸ் மேடையில் ‘போரிஸ் கொதுனோவ்’ ஆபெராவில் நிறுத்தியிருந்தார். 1913இல் அதே ஆபெரா லண்டன் டுரூரி லேன் அரங்குக்கும் போயிற்று. இன்று அந்தச் சுவரொட்டிகள் அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னே இருக்கின்றன. ஏலத்துக்கு வந்தால் பெரும் விலை போகின்றன.

செரோவின் சுவரொட்டியில் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. பருவம் தொடங்கிய அன்று பாவ்லவா பாரிஸில் இல்லை. அவர் வந்து சேரச் சுமார் இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் அதே குழுவின் நடனக்காரர்களான கர்சாவினாவும் நிஜின்ஸ்கியும் பார்வையாளர்களை ஆட்கொண்டுவிட்டார்கள். சுவரில் ஒருவர், மேடையில் வேறொருவர். விளம்பரத்தாளையும் அரங்கேறிய இரவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது தெரியவரும். அப்படி வைத்துப் பார்க்க பாரிஸ்காரர்களிடம் தாள் இருக்கிறது, பத்திரிகை விமரிசனம் இருக்கிறது, அரங்கத்தின் கணக்கேடு இருக்கிறது.

நம்மிடம் என்ன இருக்கிறது?

அதே ஆண்டுகளில் நம் ஊர்களிலும் பாட்டும் கூத்தும் சேர்ந்த நாடகங்கள் ரயிலேறி வந்தன. இரவெல்லாம் நடந்தன, நாடகம் முடியும்போது பல ஊர்களில் கோழி கூவியது. அவற்றுக்கும் தாள் அடித்தார்கள். தெருவில் வண்டி கட்டி, மேளம் தட்டி, அந்தத் தாளை வீசிக்கொண்டு போனார்கள். நாடக நோட்டீஸ் என்று நாம் சொல்வது அதைத்தான். இன்றைய சொற்பொழிவு அந்த நோட்டீஸைப் பற்றியது. இதில் நிறுவ விரும்பும் கருத்து ஒன்றே ஒன்று. தமிழ் நாடகத்தில் கதையைக் காத்தது அச்சுப் புத்தகம். குறிப்பிட்ட ஓர் ஊரில் குறிப்பிட்ட ஓர் இரவில் என்ன நடந்தது என்பதைக் காத்தது நோட்டீஸ். ஆகவே நாடக வரலாற்றில் நோட்டீஸ் துணைச் சான்று இல்லை, முதற்சான்று.

1. கதை தெரிந்த ஊருக்கு அடித்த தாள்

பாரிஸ்காரருக்கு போரிஸ் கொதுனோவ் யாரென்று தெரியாது. ரஷ்ய மொழியும் தெரியாது. அவரை இழுக்க ஓர் உருவம் வேண்டியிருந்தது. கண்டதும் நெஞ்சில் தைக்கும் ஓவியம் வேண்டியிருந்தது. திருப்பாதிரிப்புலியூரில் வள்ளி திருமணம் போட வந்த கம்பெனிக்கு அந்தக் கவலை கிடையாது. வள்ளியை முருகன் மணப்பான் என்பது கைக்குழந்தையைத் தவிர எல்லாருக்கும் தெரியும். பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ஜுனா, லவகுசா, பிரகலாதன் எல்லாமே அப்படித்தான். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி நிலைநிறுத்திய இந்த நாடகங்களின் முடிவைத் தெரிந்துகொள்ள எவரும் டிக்கெட் வாங்கவில்லை.

அப்படியானால் நோட்டீஸ் எதைச் சொல்லி ஆளைக் கூப்பிட்டது? இன்றைக்கு ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், பபூன் யார், ஆர்மோனியம் வாசிப்பவர் யார் என்பதைச் சொல்லிக் கூப்பிட்டது. எந்தக் காட்சிக்கு எந்த சீன் இறங்கும், கியாஸ் லைட் உண்டா, இன்றோடு கேம்ப் முடிகிறதா, கடைசி நாடகமா என்பதையெல்லாம் சொன்னது. கதையைத் தவிர மற்ற எல்லாம் அந்தத் தாளில் இருந்தன. நாடகப் புத்தகத்தைத் திறந்தால் இதற்கு நேர்மாறு. அங்கே கதை இருக்கும், பாட்டு இருக்கும், ராகமும் தாளமும் குறித்திருக்கும். யார் பாடினார், எந்த ஊரில், எத்தனை அணா டிக்கெட், மழை வந்தால் என்ன ஏற்பாடு என்பவற்றுக்குப் புத்தகத்தில் இடமில்லை.

நம் நாடக வரலாறு பெரும்பாலும் புத்தகங்களையும் பெரியவர்களின் நினைவுகளையும் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’, அவ்வை தி. க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ இரண்டும் இல்லாமல் ஒருவரும் இத்துறையில் நாலு பக்கம் எழுத முடியாது. ஆனால் இரண்டும் மேடையில் நின்றவர்கள் எழுதியவை. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர் பம்மல். 1918இல் ஆறு வயதுச் சிறுவனாக மதுரையில் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்தவர் சண்முகம். கொட்டகையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த கடலூர்க்காரர் எழுதிய நினைவுநூல் நமக்கு எங்கே இருக்கிறது? அவர் கைக்கு வந்த ஒரே எழுத்து நோட்டீஸ்தான்.

2. ரயில் பாதையும் கேம்ப்பும்

தென்னிந்திய ரயில்வேயின் மெயின் லைன் விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று போயிற்று. நாடகக் கம்பெனிகளின் வழியும் ஏறக்குறைய இதுதான். சுருட்டிய படுதாக்கள், பக்கத் தட்டிகள், உடுப்புப் பெட்டிகள், ஆர்மோனியம், சமையல் அண்டா, வாத்தியார், நடிக்கும் சிறுவர்கள் என ஒரு கம்பெனி இடம் மாறுவது சிறு கிராமம் ஒன்று இடம் பெயர்வது போன்றது. ரயில் இல்லாமல் அது நடக்காது. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து நடத்திய நாடகங்களைப் பார்க்க ஆட்களை ஏற்றிவந்த ரயில்களுக்கு ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்றே பெயர் விழுந்துவிட்டதாகப் பழைய தலைமுறையினர் சொல்வார்கள்.

ஓ.டி. (பழைய பட்டணம்), என்.டி. (புதுப் பட்டணம்) என்று கடலூரை இரண்டாகச் சொல்லிப் பழகியவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். பழைய பட்டணத்தில் துறைமுகமும் வியாபாரமும். மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் கச்சேரியும் வக்கீல்களும். இங்கே பாடலீசுவரர் கோயிலும் சந்தையும். வைகாசியில் பிரம்மோற்சவம் வரும். மாசி மகத்தில் சுற்றுவட்டாரத்துச் சுவாமிகள் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தீர்த்தவாரி காணும். தெற்கே முப்பது மைல் தாண்டாமல் சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும். ஊர் கூடும் நாளைப் பார்த்துக் கொட்டகை போடுவது கம்பெனி முதலாளிகளின் பிழைப்பறிவு. எந்தக் கம்பெனி எந்த மாதத்தில் எந்த ஊரில் எத்தனை நாள் தங்கியது என்ற வரைபடத்தை யாராவது போட வேண்டுமானால், அதற்கு மூலம் நோட்டீஸ்களே. ஒரு தாள் ஓர் இரவைச் சொல்லும். முப்பது தாள் ஒரு கேம்ப்பைச் சொல்லும். முந்நூறு தாள் சேர்ந்தால் ஒரு கம்பெனியின் மூன்று வருஷ வாழ்க்கை கைக்கு வரும்.

தமிழ் நாடகத்தின் எல்லை இந்தத் தண்டவாளத்தோடு நின்றதும் இல்லை. கொழும்பும் யாழ்ப்பாணமும் ரங்கூனும் சிங்கப்பூரும் பினாங்கும் கம்பெனிகளுக்குப் பழகிய ஊர்கள். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நடிக்கத் தொடங்கியது கொழும்பில்தான். தெ. பொ. கிருஷ்ணசாமிப் பாவலர் தம் குழுவோடு 1924இல் லண்டன் வெம்பிளி கண்காட்சிக்கே போய் நாடகம் ஆடினார். ரஷ்ய ஆபெரா லண்டனுக்குப் போன கதையை ஐரோப்பியர்கள் தாள் தாளாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பாவலர் குழு லண்டனுக்குப் போன கதை நம்மவர்களுக்கு ஒரு வரிச் செய்தியாகவே தெரிகிறது. இது வருத்தத்துக்கு உரியது.

3. தாளைக் கையில் வைத்துப் படிப்பது

நோட்டீஸை எப்படிப் படிப்பது? நகல் வேண்டாம், 1920களின் அசல் தாள் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மெல்லிய தாள், ரோஜா நிறமோ மஞ்சளோ பச்சையோ. புரட்டிப் பின்பக்கத்தை விரலால் தடவினால் எழுத்துகள் புடைத்திருப்பது தெரியும். ஈய எழுத்தைக் கோத்து அழுத்தி அடித்ததற்கு அது சான்று. உச்சியில் சிவமயம் அல்லது கடவுள் துணை. அதன் கீழே கம்பெனியின் பெயர் வில்லாக வளைந்து நிற்கும். பிறகு இடம், கிழமை, மணி. நடுவில் நாடகத்தின் பெயர், தாளின் பாதி அகலத்தை விழுங்கும் பெரிய மர எழுத்தில். அந்தப் பெயரிலேயே ஓர் எழுத்து மட்டும் வேறு சாயலில் இருந்தால், அச்சகத்தில் அந்த அளவில் அந்த எழுத்து தீர்ந்துபோய்க் கம்பாசிட்டர் வேறு பெட்டியிலிருந்து எடுத்துக் கோத்திருக்கிறார் என்று பொருள். படம் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் கட்டைவிரல் அளவுக்கு நடிகர் முகம் ஒன்று, துத்தநாக பிளாக்கில். அந்த பிளாக்கை நடிகரே பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவதும் உண்டு. ஆகவே படத்தில் இருக்கும் முகம் நாடகத்தன்று இருந்த முகத்தைவிடப் பத்து வயது இளையதாக இருக்கலாம்.

அடியில் டிக்கெட் விவரம். ரிசர்வ், நாற்காலி, பெஞ்சு, தரை. ஸ்திரீகளுக்குப் பிரத்தியேக இடம். அதற்கும் கீழே, கண்ணைக் குறுக்கிப் பார்த்தால், அச்சகத்தின் பெயரும் ஊரும். இந்தச் சின்ன வரி தயவால் வந்ததன்று. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டப்படி அச்சடித்த ஒவ்வொரு தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருந்தாக வேண்டியிருந்தது. ஆட்சியாளர்கள் கண்காணிப்பதற்காகப் போட்ட சட்டம் இன்று ஆய்வாளருக்குக் கை கொடுக்கிறது. கம்பெனி மதுரை என்றும் அச்சகம் கடலூர் என்றும் இருந்தால், நோட்டீஸ் கேம்ப் போட்ட ஊரிலேயே அடிக்கப்பட்டது என்று தெரிகிறது. நடிகர்கள் வெளியூர், எழுத்துக் கோத்தவர் உள்ளூர். சில அடைமொழிகளும் சில வர்ணனைகளும் உள்ளூர் ரசனைக்கேற்ப மாறியிருப்பதன் காரணம் அங்கேதான் இருக்கிறது.

இதில் ஆண்டு எது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய சிக்கல். நாளை இரவு நாடகம் பார்க்க வருகிறவருக்கு இது எந்த வருஷம் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே பல தாள்களில் தேதியும் கிழமையும் மட்டுமே இருக்கும். மார்ச்சு 14, சனிக்கிழமை என்று ஒரு தாளில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் மார்ச்சு 14 சனிக்கிழமையாக விழுந்த ஆண்டுகள் 1908, 1914, 1925, 1931, 1936. இவற்றில் எது? தமிழ் வருஷம் அச்சாகியிருந்தால் கவலை தீர்ந்தது. ரக்தாட்சி என்றால் 1925. பிரமோதூத என்றால் 1931. வருஷமும் இல்லையென்றால் நடிகர் பெயரைப் பார்க்க வேண்டும். கிட்டப்பா பெயர் இருந்தால் 1936 அடிபட்டுப் போகிறது, ஏனெனில் அவர் 1933 டிசம்பரிலேயே மறைந்துவிட்டார். சுந்தராம்பாள் பெயரும் சேர்ந்திருந்தால் 1925ஐயும் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். கல்வெட்டில் மன்னனின் ஆட்சியாண்டைக் கொண்டு காலம் கணிக்கும் அதே உழைப்பு, அதே ஒழுங்கு இதற்கும் தேவை. கல்வெட்டுக்குத் தரும் மதிப்பை இந்த ரோஜாநிறக் காகிதத்துக்கும் தர வேண்டும் என்று கேட்பதற்கு இதுவே போதுமான காரணம்.

4. பெயர் பெரிதான கதை

காலவரிசைப்படி நோட்டீஸ்களை அடுக்கினால் கண்ணுக்குத் தெரியும் ஒரு மாற்றம் உண்டு. முன்னே இருந்தவற்றில் கம்பெனியின் பெயரும் நாடகத்தின் பெயரும் பெரிய எழுத்தில். நடிகர்கள் பொடியெழுத்தில், சில சமயம் பெயரே இல்லாமல். போகப்போக நடிகரின் பெயர் ஏறிக்கொண்டே வருகிறது. அதற்குக் காரணம் ஸ்பெஷல் நாடகம். ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது. காண்ட்ராக்டர் ஒருவர் ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை வேறோர் ஊரிலிருந்தும் அமர்த்துவார். இருவரும் நாடகத்தன்றுதான் மேடையில் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. சுவாமிகளின் பாட்டும் கதைப்போக்கும் இருவருக்கும் மனப்பாடம். மற்றதெல்லாம் அந்தந்த நேரத்துச் சாமர்த்தியம். வேலனும் வள்ளியும் தினைப்புனத்தில் தர்க்கம் செய்யும்போது இரண்டு நடிகர்கள் நிஜமாகவே மோதிக்கொள்வதைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது. யாரோடு யார் என்பதே செய்தி. அந்தச் செய்தியைச் சுமந்தது நோட்டீஸ்.

அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைப் பற்றி 2005இல் வெளியிட்ட நூலில் நோட்டீஸ்களை வரலாற்றுச் சான்றாக வைத்துப் படித்திருக்கிறார். மதுரை வட்டாரத்தில் இன்றும் ஆப்செட்டில் பல வண்ணத்தில் அடிக்கும் நாடக நோட்டீஸில் ஒவ்வொரு நடிகரின் படமும் செல்பேசி எண்ணும் இருக்கின்றன. ஊரை அழைக்கும் தாளே அடுத்த ஊர்க் காண்ட்ராக்டருக்கு முகவரி அட்டையாகவும் பயன்படுகிறது.

5. சீன், லைட், டிரிக்

இதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கலாம், ஏனெனில் இதில் ஏற்கெனவே பலர் எழுதியிருக்கிறார்கள். பார்சி நாடகக் கம்பெனிகளின் வரவுக்குப் பிறகு காட்சித் திரைகள் நாடகத்தின் பாதி ஆயின. கண்ணையா கம்பெனியின் தசாவதாரமும் பகவத் கீதையும், பின்னாளில் நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகங்களும் காட்சி அமைப்புக்காகவே பேர் பெற்றவை. நோட்டீஸில் காட்சிகளைப் பட்டியலிட்டு, இன்ன சீன் புதிதாக எழுதியது என்று சொல்வது விளம்பர உத்தியாயிற்று.

ஆனால் அந்த சீனை எழுதிய ஓவியரின் பெயர் நோட்டீஸில் அரிதாகவே வரும். ரஷ்யப் பருவத்தில் ஓவியர்கள் பாக்ஸ்த்தும் பெனுவாவும் பாடகர்களுக்குச் சமமாகப் பேசப்பட்டார்கள். இங்கே நாடகக் கம்பெனியில் திரை எழுதிய சி. கொண்டையராஜு (1898–1976), கம்பெனி நொடித்தபின் கோவில்பட்டியில் தங்கி, சீடர்களோடு சாமி படங்கள் வரைந்து, சிவகாசிக் காலண்டர் வழியாகத் தமிழ்நாட்டு வீடுகள் அனைத்துக்குள்ளும் நுழைந்தார். நம் பூஜை அறையில் இருக்கும் முருகனுக்குப் பின்னால் உள்ள மலையும் அருவியும் நாடகப் படுதாவிலிருந்து வந்தவை. படுதாக்கள் கிழிந்து மக்கிவிட்டன, காலண்டர்கள் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் தகவல் எங்காவது ஒரு நோட்டீஸின் காட்சிப் பட்டியலில் கிடக்கக்கூடும்.

6. தாள் சொல்லாதது

நோட்டீஸை முதற்சான்று என்று சொன்னதால் அது சொல்வதெல்லாம் உண்மை என்று ஆகாது. பாவ்லவா விஷயத்தில் பார்த்தோம்.

நம் நாட்டில் நோட்டீஸின் மௌனத்துக்கு வேறு காரணமும் இருந்தது. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் ஆட்சியாளர்களுக்கு நாடகத்தைத் தடுக்கும் அதிகாரம் தந்தது. வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ அப்படித் தொல்லைக்கு ஆளாகி, பிறகு தி. க. சண்முகம் சகோதரர்களின் மேடையில் ‘தேசபக்தி’ ஆயிற்று. நாடக நடிகர் விசுவநாததாஸ் (1886–1940) கண்டுபிடித்த வழி வேறு. நோட்டீஸில் வள்ளி திருமணம் என்றே இருக்கும். கச்சேரி அதிகாரி படித்தால் குற்றம் காண ஒன்றும் இல்லை. இரவு வேலன் வேஷத்தில் மேடைக்கு வந்து, தினைக்கொல்லைக் கிளியை விரட்டும் பாட்டுக்கு நடுவே வெள்ளைக்காரனை விரட்டும் பாட்டைப் பாடுவார். பலமுறை கைதானார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிர் பிரிந்தது. அவருடைய நோட்டீஸை மட்டும் வைத்துக்கொண்டு அந்த இரவுகளை எழுதினால் பக்தி நாடகம் நடந்தது என்றுதான் எழுதுவோம். போலீஸ் பதிவேட்டையும் நோட்டீஸையும் சேர்த்துப் படித்தால்தான் விசுவநாததாஸ் கிடைப்பார்.

இன்னொன்றையும் இந்த அவையில் சொல்லியாக வேண்டும். பழைய நோட்டீஸ்களில் பஞ்சமர்களுக்கு அனுமதி இல்லை என்ற அறிவிப்பு அச்சாகியிருக்கிறது. டிக்கெட் விவரத்துக்குப் பக்கத்தில், மழைக்கு ஏற்பாடு உண்டு என்பதைச் சொல்லும் அதே சாதாரணக் குரலில். நம் வட்டாரத்துக்கு இது கூடுதலாக உறுத்த வேண்டும். கொள்ளிடக் கரை ஆதனூரிலிருந்து தில்லைக்குப் போக ஏங்கிய நந்தனின் கதை இந்த மண்ணின் கதை. கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கீர்த்தனைகளாகப் பாடியபின் கதாகாலட்சேபத்திலும் நாடகத்திலும் அது ஓயாமல் நிகழ்ந்தது; 1935இல் சுந்தராம்பாளே நந்தனாராக வேஷம் கட்டித் திரைப்படத்திலும் நடித்தார். கோயில் வாசலில் நின்ற நந்தனுக்காகக் கண்ணீர் விட்ட காலமும், கொட்டகை வாசலில் நந்தனின் மக்களை நிறுத்திய காலமும் ஒன்றே. நாடகப் புத்தகம் இதைச் சொல்லாது. நினைவுநூல்கள் அநேகமாகச் சொல்லாமல் கடந்துவிட்டன. நோட்டீஸ் சொல்கிறது. வெட்கப்படத் தெரியாத காலத்தில் அச்சடித்ததால் மறைக்காமல் சொல்கிறது. தமிழ் மேடையின் பெருமையைப் பேசும் எந்த நூலும் இந்த வரியை விழுங்கிவிட்டுப் பேசக் கூடாது.

7. எங்கே இருக்கின்றன, என்ன செய்வது

ஓர் இரவுக்காக அடித்த தாள் மறுநாள் காலை பயனற்றுப் போகும். அதை எடுத்து வைத்தவர்கள் மிகச் சிலர். அவர்களுள் தலையாயவர் செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர் அவர். எழுத்தின் வடிவத்தில் கண் பழகியவர். புத்தகங்களோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், திருமண அழைப்பு, பாட்டுப் புத்தகம் என மற்றவர்கள் குப்பை என்று தள்ளியதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. நாட்டை விட்டு எடுத்துப் போகாமல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைபெறச் செய்தது. பல்கலைக்கழகங்கள் செய்யாததைத் தனிமனிதர் ஒருவர் சொந்தக் காசில் செய்தார். நன்றியோடு நினைக்க வேண்டியவர்.

ஆனால் கோட்டையூரில் சேர்த்தது கடலூருக்குப் போதாது. இந்த ஊர் ஞானியாரடிகள் (1873–1942) வாழ்ந்த ஊர். பம்மல் சம்பந்தம் பிறந்த அதே ஆண்டில் பிறந்தவர் அடிகள். ஒருவர் மேடையில் நாடகத்தையும் இன்னொருவர் மேடையில் சொற்பொழிவையும் தமிழ்நாட்டுக்குப் பழக்கினார்கள். அடிகளின் சொற்பொழிவுக்கும் நோட்டீஸ் அடித்திருப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் தம் கடைசிக் காலத்தைக் கழித்த புதுச்சேரி இங்கிருந்து பதினைந்து மைல்கூட இல்லை. 1922 நவம்பர் 13 அன்று மறைந்த அவரைக் கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். 1929 முதல் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் சிதம்பரம். இத்தனையும் சுற்றியிருந்தும், தென்னார்க்காட்டு மேடைக்கென்று ஒரு தாள் சேகரிப்பு பொதுவெளியில் நமக்குக் கிடைக்காமல் இருப்பது சரியில்லை.

தேட வேண்டிய இடங்கள் பரணும் பீரோவும் மட்டுமல்ல. பழைய கணக்குப் புத்தகங்களின் அட்டைக்கு உள்ளே விறைப்புக்காக ஒட்டிய தாள்களைப் பாருங்கள். மூடிய அச்சகங்களில், அடித்த வேலைக்கு மாதிரியாகக் கம்பியில் குத்தி வைத்த கட்டுகள் இருந்தனவா என்று அந்தக் குடும்பத்தாரைக் கேளுங்கள். திரௌபதி அம்மன் கோயில் கூத்துகளுக்கு இந்த மாவட்டத்து ஊர்களில் இன்றும் நோட்டீஸ் அடிக்கிறார்கள். அவற்றை இந்த ஆண்டிலிருந்தே சேர்க்கலாம். ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் கேட்கும்போது, பிளெக்ஸ் பேனர் எங்கோ கூரையாகப் போயிருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படம் பழைய செல்பேசியோடு தொலைந்திருக்கும்.

கிடைத்த தாளை லேமினேட் செய்ய வேண்டாம். செல்லோடேப்பால் ஒட்டவும் வேண்டாம். பசை காய்ந்து தாளை அரித்துவிடும். அமிலமில்லாத உறையில் மடிக்காமல் வையுங்கள். படமெடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் எடுங்கள். பின்பக்கத்தில் யாரோ மளிகைக் கணக்கு எழுதியிருந்தால் அன்றைய அரிசி விலையும் கிடைக்கும், காலம் கணிக்க அது உதவும். தாளின் நிறம், கிடைத்த தெரு, கொடுத்தவர் அதை எப்படிப் பெற்றார் என்பதை அன்றே எழுதி வையுங்கள். ஓரம் கந்தலாக இருக்கிறதென்று நறுக்க வேண்டாம். அச்சகத்தின் பெயர் அடி ஓரத்தில்தான் இருக்கும்.